நாற்பதைத் தாண்டி மடத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூசை முடிந்து சனம் கலையும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னைக் கோயில் மதிலோரமாக ஒதுக்கிக் கூட்டிப்போவார். "மாஸ்டர், ஒரு கதை கேக்கணும்" என்று தொடங்குவார். கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். கத்தோலிக்கர் கேட்டதுதான் அதிகம். சைவ, மெதடிஸ்த ஆக்களுக்கும் கீழே கொஞ்சம் உண்டு.

இதைச் சொல்ல நீங்கள் யார்?

குருவானவர் இல்லை. நாற்பத்தொரு வயதில் குருமடம் போய், பதினேழு மாதம் இருந்து, கிறுகி வந்தவன். போகும்போது அரசாங்கப் பள்ளிக்கூட வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இப்போது மட்டக்களப்பு டவுனில் கணித ரியூஷன் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமையில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். போய் நின்றுபிடித்த ஒருவர் இதை எழுதினால் நன்றாக இருக்கும். அவர்களுக்கு நேரம் இல்லை, எனக்கு இருக்கிறது.

வயது எல்லை உண்டா?

திருச்சபைச் சட்டத்தில் கீழ் எல்லை மட்டும்தான் உண்டு. துறவற சபையொன்றின் நவசந்நியாசம் என்கிற தொடக்கப் பயிற்சியில் சேர 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது சாகும்வரைக்குமான உறுதிமொழிக்கு, 21. குருப்பட்டத்துக்கு 25. மேல் எல்லை கிடையாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 233ஆம் பிரிவில், வயது முதிர்ந்த பிறகு அழைத்தலை உணர்கிற ஆண்களுக்கு ஆயர்களும் குருக்களும் விவேகத்தோடு உதவ வேண்டும் என்றே இருக்கிறது.

ஆனால் சட்டம் திறந்து விட்ட படலையை அந்தந்த மடம் சாத்தி வைக்கலாம். முப்பது, முப்பத்தைந்து என்று கோடு போட்டிருக்கிற சபைகள் உண்டு. காரணம் வெறுப்பில்லை, கணக்குத்தான். தத்துவம் இரண்டு வருடம், இறையியல் நான்கு வருடம், இதற்குக் குறைய முடியாது. முன்னால் ஆயத்த வருடம், இடையில் பங்குகளில் பயிற்சி. நாற்பத்திரண்டில் போகிறவர் ஐம்பதில் பட்டம் பெறுவார். பங்குத்தந்தை ஒருவர் 75 வயதில் பொறுப்பைவிட்டு விலகக் கடிதம் கொடுக்க வேண்டும். மிச்சம் 25 வருடம். அதற்குள் சீனியும் பிரஷரும் எத்தனை வருடத்தைப் பிடுங்கும் என்று ஆயர் யோசிக்கத்தானே செய்வார்?

வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அதோடு கதை முடிந்துவிட்டதாக நினைக்கவும் தேவையில்லை. ஸ்பெயினில் கம்பளித் துணி வியாபாரம் செய்த அல்போன்ஸ் ரொட்ரிகஸ், மனைவியும் பிள்ளைகளும் செத்த பிறகு சேசு சபைக்குப் போய்க் கேட்டார். படிப்பும் இல்லை, வயதும் போய்விட்டது என்றார்கள். 1571இல் கடைசியாகச் சகோதரராக எடுத்தார்கள். மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாசல்காவல்தான் வேலை. நாற்பது வருடத்துக்கு மேல் கதவு திறந்தார். 1888இல் புனிதராக்கினார்கள். அந்தச் சபையை உண்டாக்கிய இஞ்ஞாசியாரும் பிந்திப் போனவர்தான். 1521இல் பம்பலோனாச் சண்டையில் கால் முறிந்து, 33 வயதில் பார்சலோனாவில் சின்னப் பொடியன்களோடு இருந்து லத்தீன் இலக்கணம் படித்தார். குருப்பட்டம் 1537இல், நாற்பதுகளின் நடுவில். சேசு சபையார் இத்தனை காலம் இருந்த மட்டக்களப்பில் இந்தக் கதையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

எங்கட பக்கத்தில் ஏன் இவ்வளவு பேர் பிந்தி யோசிக்கிறார்கள்?

வீடுதான் காரணம் என்பேன்.

மட்டக்களப்பு வழமையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவான். ஆகவே தங்கச்சி இருக்கிறவன் தன்னை நினைக்க முதல் அவளுக்குக் கல் அரிய வேணும். எனக்கு மூன்று தங்கச்சிமார். மூத்தவளுக்கு நாவலடியில் வீடு கட்டி முடிக்கையில் எனக்கு 29 வயது. அந்த வருடம்தான் சுனாமி, டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அவளும் புருசனும் காலைப் பூசைக்கு டவுனுக்கு வந்திருந்ததால் தப்பினார்கள். வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் கிணற்றுக் கட்டும். திராய்மடுவில் திரும்பவும் தொடங்கினோம். மூன்றாவது தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட்ட நாளில் எனக்கு நாற்பது. அன்றைக்கு இரவுதான், இருபது வயதில் ஒரு ஃபாதர் என்னிடம் கேட்டு நான் "பிறகு பாப்பம்" என்று சொன்ன கதை திரும்ப ஞாபகம் வந்தது.

பெண்களுக்கு இதே கதை குவைத் வழியாக வரும். தகப்பன் இல்லாத வீடு, சண்டைக்காலம், பதினெட்டில் பாஸ்போர்ட். பத்துப் பதினைந்து வருடம் யாரோ ஒரு மேடத்தின் குசினியில் நின்று, தம்பிமாரைப் படிப்பித்து, சீமெந்து வீடு கட்டி, முப்பத்தெட்டில் வந்து இறங்குகிறாள். கன்னியாஸ்திரியாகப் போக ஆசையாக இருந்தது என்று அப்போதுதான் வாய் திறக்கிறாள். வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

இது அழைத்தலா, அலுப்பா? எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஒரு ஆன்ம குருவை வைத்து ஆறு மாதமாவது கதைக்க வேண்டும். நான் சொல்லக்கூடியது எனக்கு நடந்ததை மட்டும்.

என்னை நேர்முகம் பார்த்த ஃபாதர் செபம் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "வீட்டில உங்கட அறை எந்தப் பக்கம்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அறை ஏது? கடைசித் தங்கச்சி வீட்டு விறாந்தையில் ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே ஆணிக்கு ஆணி கட்டிய நீல நைலோன் கயிறு, அதில் என் சட்டைகள். கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேஸ், அதற்குள் சம்பளத் துண்டுகளும் சீமெந்துக்கடைப் பில்லுகளும். மழை சாய்ந்து அடித்தால் கட்டிலைச் சுவரோடு இழுக்க வேண்டும். இதைச் சொன்னேன். அவர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். இதெல்லாம் ஏன் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

குருமடத்தில் முதல் நாள் எனக்கு ஒரு அறை தந்தார்கள். ஆறடிக் கட்டில், மேசை, கதவு, கொண்டி. அன்றைக்கு இரவு கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு நெடுநேரம் முழங்காலில் நின்றேன். நன்றி சொல்லிச் சொல்லி அழுதேன். செபம் இவ்வளவு இனிமையாக வருகிறதே, நான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தக் கண்ணீரில் பாதிக்கு மேல் கதவுக்காக வந்தது என்று விளங்கப் பதினேழு மாதம் எடுத்தது.

ஆகவே என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது இதுதான்: இப்போது எங்கே படுக்கிறீர்கள்? சமையல் யாருடையது? வீட்டில் உங்கள் சொல்லைக் கேட்பார்களா? தங்கச்சி வீட்டில் மச்சானோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர், மகனின் வீட்டில் மருமகளின் கைபார்த்து இருக்கிற விதவை, ரிட்டயர் ஆகி வீட்டில் கதிரையாகிப் போனவர், இவர்களுக்கும் உண்மையான அழைத்தல் இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் தனியே வாடகைக்கு இருந்து பார்த்து, அதற்குப் பிறகும் அந்த ஆசை இருந்தால் போகச் சொல்வேன். வாடகை வீண் செலவு என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

கடன் இருந்தால் எடுப்பார்களா?

அடைக்க வழியில்லாத கடன் உள்ளவரைச் சேர்க்கக்கூடாது என்று சட்டத்தின் 644ஆம் பிரிவு சொல்கிறது. கேட்கும்போது மறைத்தால் பிறகு கட்டாயம் வெளியில் வரும். கடன்காரர் மடத்து வாசலுக்கே வந்த கதைகள் இருக்கின்றன.

எங்கள் ஊரில் கடன் என்றால் வங்கிக் கடன் மட்டுமில்லை. ஒரு தாளில் எழுதுங்கள்: சம்பளக் கடன், நகை அடகு, வாராவாரம் வீட்டுக்கு வந்து அறவிடுகிற நுண்கடன், எடுத்துவிட்ட சீட்டின் மிச்சத் தவணைகள், வெளிநாட்டில் இருக்கிற மச்சாளிடம் வாங்கிய கைமாற்று, பெரும்போக வேளாண்மைக்கு எடுத்த உரக்காசு. இவ்வளவையும் எழுதிவிட்டு "இனி இல்லை" என்று நினைப்பீர்கள். ஒன்று கட்டாயம் மறந்திருக்கும், அது பிணை. அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர் ஒவ்வொருவரும் நாலு பேருக்காவது பிணைக்குக் கையெழுத்து வைத்திருப்பார். நானும் மூன்று பேருக்கு வைத்திருந்தேன். அதில் ஒருவர் கட்டாமல் விட, வங்கிக் கடிதம் குருமடத்து முகவரிக்கு வந்தது. அதைப் பிரித்தவர் நான் இல்லை. அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. போவதற்கு முதல் பிணை மாற்றி எழுதுவித்துவிட்டுப் போங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக் காசை எடுத்துக் கடனை அடைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். மடத்துக்குப் போவது அதற்கு முன்பே எடுக்க ஒரு காரணமாகாது. அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் சம்பளமற்ற லீவுக்கு வழியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை, இன்றைக்கு ரியூஷன் கொடுக்கிறேன்.

என் பெயரில் இருக்கிற காணியை என்ன செய்வது?

ஒன்றும் அவசரப்பட்டுச் செய்யவேண்டாம். இதில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள், உணர்ச்சியில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டம் உங்களைவிட நிதானமானது. சபைகளில் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் சொத்தின் நிர்வாகத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சொத்து அப்போதும் உங்களுடையதுதான். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகிற மரண சாசனம் எழுத வேண்டும். அதற்கிடையில் நாலைந்து வருடம் இருக்கிறது. நொத்தாரிசிடம் நாளைக்கே ஓடத் தேவையில்லை.

உறுதிக் காணியும் பெர்மிட் காணியும் ஒன்றில்லை. அம்பாறைப் பக்கத்திலும் படுவான்கரையிலும் வயல்கள் பல அனுமதிப்பத்திரக் காணிகள். அதற்குப் பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். பதியாமல் போய், உங்களுக்கு ஏதும் நடந்தால் சகோதரங்கள் வட்டைக்குள் நின்று அடிபடும்.

அம்மாவைப் பார்க்க வேறு ஆள் இல்லை. போகலாமா?

தாயை விட்டுப் போகக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் நல்ல மடம் எதுவும் இதைக் கேட்காமல் விடாது. பட்டினத்தார்கூடத் தாய்க்குக் கொள்ளிவைக்கத் திரும்பி வந்தவர் என்றுதானே நாங்கள் கதை சொல்கிறோம்.

நடைமுறையில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நவசந்நியாசம் பன்னிரண்டு மாதம் அந்த வீட்டிலேயே இருந்து முடிக்க வேண்டிய காலம். தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அது செல்லாது, மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் போனால் அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும். எண்பது வயதுத் தாய் பாரிசவாதத்தில் படுத்திருக்கையில் இந்த வருடத்தைத் தொடங்குவது இரண்டு பக்கத்துக்கும் துன்பம். அவவின் காலம் முடியட்டும் என்று காத்திருந்து, நாற்பத்தேழில் போன ஒரு அக்காவை எனக்குத் தெரியும். இப்போது முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறா. தாயின் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டிப் பழகிய கை என்று மதர் சொல்வாவாம்.

நான் கலியாணம் முடித்தவர். வழி உண்டா?

கணவனோ மனைவியோ உயிரோடு இருந்து, திருமண பந்தம் நிற்கும் வரை துறவற சபையில் சேர முடியாது. சேர்த்தாலும் செல்லாது. நீதிமன்ற விவாகரத்து இதை மாற்றாது. திருமணமே முதலிலிருந்து செல்லுபடியாகவில்லை என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால் கதை வேறு. மனைவியோடு இருக்கிற ஆண், குருவுக்கு ஒரு படி கீழான நிரந்தரத் தியாக்கோன் பணியை ஆயர்கள் ஏற்படுத்தியிருக்கிற இடங்களில், 35 வயதுக்குப் பிறகு மனைவியின் சம்மதத்தோடு தியாக்கோனாகலாம். கைம்பெண்ணும் தாரமிழந்தவரும் தாராளமாகக் கேட்கலாம். பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

கணவர் 1990இல் பிடிபட்டுப் போனவர். இன்றுவரை தகவல் இல்லை. நான் விதவையா?

இந்தக் கேள்வியை மூன்று பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மூவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள்.

நாட்டுச் சட்டத்தில் இரண்டு தாள் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சண்டையில் காணாமல்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம். செத்ததாகக் கையெழுத்து வைக்க மனம் வராதவர்களுக்காக 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காசு, காணி அலுவல்களுக்கு இது உதவும். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று இந்தத் தாள் சொல்லாது. ஆகவே மடத்துக்குப் போவதற்கு இது போதாது.

திருச்சபைப் பக்கத்தில், இறப்பை நிரூபிக்கிற பத்திரம் இல்லாவிட்டால் ஆயர் விசாரித்து, இறந்ததாகக் கொள்ளலாம் என்று அறிவிக்க வேண்டும். 1707ஆம் பிரிவு. கூடப் பிடிபட்டுத் தப்பியவர், கண்டவர் சொல்வதையெல்லாம் கேட்பார்கள். எத்தனை காலமானாலும் ஆளைக் காணவில்லை என்பது மட்டும் போதாது.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் அந்த மூவரில் ஒருவர் மரணச் சான்றிதழ் படிவத்தைப் பிரதேச செயலகத்திலிருந்து வாங்கி வந்து, பைபிளுக்குள் வைத்து, நாலு வருடமாக நிரப்பவில்லை. "எழுதினா நானே கொண்டுபோட்ட மாதிரி, மாஸ்டர்" என்றா. மடத்துக்குப் போகிற ஆசை ஒரு பக்கம், அந்தத் தாள் ஒரு பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. துறவறம் போகாமலே மூன்றாம் சபை உறுப்பினராக, வீட்டில் இருந்தபடி செபமும் சேவையுமாக வாழ வழியிருக்கிறது என்று பிறகொரு நாள் சொன்னேன். இப்போது அப்படித்தான் இருக்கிறா. தாள் இன்னும் பைபிளுக்குள்.

மறைமாவட்டக் குருவுக்கும் சபைக் குருவுக்கும் என்ன வித்தியாசம்?

மறைமாவட்டக் குரு ஆயருக்குக் கீழ்ப்படிவதாகவும் மணத்துறவு காப்பதாகவும் உறுதி கொடுப்பார். வறுமை வார்த்தைப்பாடு அவருக்கு இல்லை, தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம். சபைக்காரர் வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் மூன்றும் கொடுப்பார். அவர் உழைப்பதும் அவருக்கு வருகிற ஓய்வூதியமும் சபைக்குப் போகும்.

மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாக 2012இல்தான் பிரிந்தது. அதுவரை திருகோணமலையோடு சேர்ந்திருந்தது. மறைமாவட்டக் குருவாக விரும்புகிற எவரும் பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக் குருமடத்துக்கா, கண்டி அம்பிட்டியக் குருமடத்துக்கா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

இருபது வயதுப் பிள்ளைகளோடு இருப்பது எப்படி இருக்கும்?

முதல் வாரம் "அண்ணன்" என்றார்கள். இரண்டாம் மாதம் ஒரு சின்னவன் வாய்தவறி "மாமா" என்றான், அதுவே நிலைத்துவிட்டது. கோபம் வரவில்லை. கால்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது என்னைக் கோல் காக்க விடுவார்கள், அதுவும் பரவாயில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பதினைந்து வருடம் வகுப்பில் நின்று "வெளியில போ" என்று சொன்னவன் நான். இப்போது சவர்க்காரம் வாங்கப் படலையைத் தாண்டுவதற்கு, என்னைவிட ஒன்பது வயது இளைய ஃபாதரிடம் போய் நிற்க வேண்டும். அவர் நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்க்காமல் கொப்பியில் கையெழுத்து வைப்பார், அதுதான் எனக்குக் குத்தும். கீழ்ப்படிதல் பெரிய காரியங்களில் சுலபம். என்னை மன்னாருக்கு அனுப்பினாலும் போயிருப்பேன். சவர்க்காரத்தில்தான் தடுக்கி விழுந்தேன்.

மற்றது உடம்பு. விடிய ஐந்து மணி மணி கஷ்டமில்லை, எங்கள் வீட்டில் அதற்கு முதலே எழும்பிவிடுவோம். முழங்கால்தான் ஏலாது. படிப்பில் ஞாபகம் நிற்காது. தத்துவப் பாடத்தில் பெயர்களைக் கையில் எழுதிக்கொண்டு நடந்தேன். பொடியன்கள் ஒருமுறை வாசித்து எழுதுவார்கள், எனக்கு நாலுமுறை. ஆனால் செத்தவீட்டுக்குப் போய் நிற்பது, நோயாளியின் பக்கத்தில் இருப்பது, வெறியில் வந்து சத்தம் போடுகிற ஆளைத் தணிப்பது என்று வந்தால் ஃபாதர்மார் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு?

காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் வேலையை விட்டுவிட்டு 1922இல், முப்பது வயதில், சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போனார். 1924இல் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. அந்த வழியில் போக விரும்புகிறவர் அங்கே மிஷனில் போய்க் கேட்பதுதான் முறை. முப்பதுக்குப் பிறகு பிரமச்சாரியாகச் சேருவது லேசில்லை, ஆனால் அன்பராகத் தங்கிச் சேவை செய்ய இடம் கிடைக்கலாம்.

கோயில் குருக்களாவது வேறு பாதை. அங்கே இல்லறம் தடையில்லை, ஆசாரிய அபிஷேகத்துக்கு மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மன் கோயிலில் பூசை செய்கிற கப்புகனாரும் வீட்டிலிருந்து போய்வருகிறவர்தான். வீட்டை விட்டுப் போகிற கேள்வியே அங்கு எழாது.

மெதடிஸ்தர்?

போதகராகக் கலியாணம் தடையில்லை. பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் தமிழிலும் படிக்கலாம். மனைவி பிள்ளைகளை எங்கே விட்டுப் போவது என்பதுதான் உங்கள் தலையிடி.

வீட்டில் எப்படிச் சொல்வது?

பெருநாள் சாப்பாட்டில் எல்லோரையும் வைத்துச் சொல்லாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மச்சான் கோழிக்காலைக் கையில் வைத்தபடி, "அப்ப பிள்ளைகளின்ட ரியூஷன் காசு?" என்றார். அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா. முதலில் யாருடைய மாதச்செலவு உங்கள் கையில் இருக்கிறதோ அவரிடம் தனியே சொல்லுங்கள், எந்த மாதத்தோடு நிற்கும் என்பதையும் சேர்த்து. ஆசீர்வாதம் தானாக வரும், அல்லது வராது.

என்ன கொண்டுபோவது?

ஞானஸ்நான, உறுதிப்பூசுதல் பத்திரங்கள், திருமணத் தடையில்லை என்று பங்குத்தந்தை தருகிற கடிதம், மருத்துவ அறிக்கை. கண்ணாடி இரண்டு சோடி. குளிசை மூன்று மாதத்துக்கு. தலைக்குச் சாயம் வேண்டாம், பொடியன்கள் முதல் நாளே கண்டுபிடிப்பார்கள்.

திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்?

ஒரு மாதம் கதைக்கும். வார்த்தைப்பாட்டுக்கு முன் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம், அவர்களும் அனுப்பலாம். இதில் குற்றம் ஒன்றுமில்லை. அங்கே செய்த வேலைக்குக் கூலி கேட்க உரிமை கிடையாது, ஆனால் சபை வெளியேறுபவரை நீதியோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று 702ஆம் பிரிவு சொல்கிறது. எனக்குப் பஸ் காசும் மூன்று மாதச் செலவுக்கு ஒரு உறையும் தந்தார்கள்.

நான் விடிய நாலரைக்கு வந்து இறங்கினேன். தங்கச்சி கதவைத் திறந்து, "சாப்பிட்டியா அண்ணா?" என்றாள். விறாந்தையில் கட்டில் இல்லை, மோட்டார்சைக்கிள் நின்றது. நைலோன் கயிறு அப்படியே இருந்தது, அதில் மருமகனின் பள்ளிக்கூடச் சட்டைகள். அன்றைக்கே தாண்டவன்வெளியில் ஒரு அறை தேடினேன். கதவு, கொண்டி, என் கையில் திறப்பு.

மறுபடி போவீர்களா?

சகோதரராக எடுப்பீர்களா என்று ஒரு சபைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். வயது ஐம்பது, பிணை ஒன்றும் இல்லை, தனி அறையில் ஆறு வருடமாக இருக்கிறேன் என்று எழுதினேன். பதில் வரவில்லை. அறை வாடகை டிசம்பர் வரை கட்டியிருக்கிறேன்.